பம்ப் மேல் பழி

எங்கள் மடத்து அம்பாசடர் காரை அறியாதவர் இவ்வூரில் அநேகமாக இல்லை. சிஸ்டர்களை இரயிலடிக்கு அழைத்துச் செல்வதும் அதுதான். விடுதியில் காய்ச்சலாகக் கிடக்கும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதுதான். சென்ற கல்வியாண்டில் அது மூன்று முறை நடுவழியில் நின்றது. மூன்றாம் முறை பின் இருக்கையில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கடுங்காய்ச்சலுடன் படுத்திருந்தாள். சித்திரை வெயிலில் சிஸ்டர் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆட்டோ வரும்வரை சாலையோரம் நின்றார்கள்.

முதல் இரண்டு முறையும் “பெட்ரோல் பம்ப் போய்விட்டது” என்று சொல்லிப் புதுப் பம்ப் மாட்டினார்கள். மூன்றாம் முறையும் அதே பதில் வந்தபோது மதர், “இன்னொன்று வாங்குமுன் காரணத்தைச் சொல்லுங்கள்” என்றார்கள். பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பௌதிக ஆசிரியையின் துணையுடன் இந்த ஆராய்ச்சியில் இறங்கினோம். எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா நாற்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். அவரும் டிரைவர் அண்ணனும்தான் எங்களுக்குக் குருமார்கள்.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக் காரைத் தழுவி உருவானது அம்பாசடர். 2014-ல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எங்கள் வண்டி அதன் பழைய பெட்ரோல் வகை. டேங்க் பின்புறம் டிக்கியின் அடியில். பம்ப் முன்புறம் எஞ்சினின் பக்கவாட்டில். அந்தப் பம்ப்புக்கு மின்சாரம் தேவையில்லை. எஞ்சினுக்குள் சுழலும் கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலைத் தட்டுகிறது. நெம்புகோல், டயாபிரம் என்னும் ரப்பர் ஏற்றிய துணித்தகட்டைக் கீழே இழுக்கிறது. பிறகு ஒரு ஸ்பிரிங் அதை மேலே தள்ளுகிறது. பெட்ரோல் உள்ளே வர ஒரு வால்வு, கார்புரேட்டருக்குப் போக இன்னொரு வால்வு, அவ்வளவே. எஞ்சின் இரு முறை சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு முறை சுற்றும். நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் எஞ்சினில் நெம்புகோல் மணிக்கு 60,000 தடவை அசைகிறது. அது தேய்ந்தால் குற்றம் சொல்ல முடியுமா?

இங்கேதான் ஆசிரியை எங்களை மடக்கினார்கள். “பம்ப் பெட்ரோலை இழுக்கிறதா?” என்று கேட்டார்கள். “ஆம்” என்றோம். தவறு! டயாபிரம் கீழிறங்கும்போது பம்ப்புக்குள் அழுத்தம் குறைகிறது. டேங்கிலுள்ள பெட்ரோலின் மேல் அழுத்தும் காற்றுதான் அதைக் குழாய் வழியே தள்ளி அனுப்புகிறது. உறிஞ்சு குழலில் நாம் இளநீர் குடிப்பதும் இப்படித்தான். ஆகவே பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்காக டேங்க் மூடியில் ஊசித் துளை போன்ற ஒரு வழி உண்டு.

இதைக் கேட்டதும் டிரைவர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். முதல் முறை வண்டி நின்ற பிறகு, பெட்ரோல் பங்க்கில் மூடி தொலைந்துபோய், பூட்டு வைத்த வேறொரு மூடி வாங்கியிருக்கிறார். அதில் துளையே இல்லை! டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வராமல் வண்டி நின்றிருக்கிறது. சற்று நேரம் சும்மா விட்டால் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போகும். வண்டி தானே கிளம்பும். சாலையில் அப்படித்தான் நடந்ததாம். “சூடு ஆறியதும் கிளம்பிவிட்டது என்று நினைத்தேன்” என்றார். அடுத்த நாள் அரை மணி நேரம் ஓட்டியபின் மூடியைத் திறந்தபோது ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தத்தை எல்லோருமே கேட்டோம்.

சூட்டின் மேல் அவர் கொண்ட சந்தேகமும் அர்த்தமற்றதல்ல. பெட்ரோலின் இலேசான பகுதிகள் சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். அழுத்தம் குறைந்த குழாயில் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். ஆவி நிறைந்த பம்ப் பெட்ரோலை ஏற்றாது. பழைய டிரைவர்கள் பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றுவது இதனால்தான்.

கழற்றிப் போட்டிருந்த இரண்டு பம்ப்களையும் தாத்தா பிரித்துக் காட்டினார். முதல் பம்ப்பின் வால்வுக்கு அடியில் செந்நிறத் துரு. வால்வு முழுதும் மூடாததால் பெட்ரோல் திரும்பி ஓடியிருக்கிறது. டேங்க் பாதி காலியாக நிற்கும் இரவுகளில் காற்றிலுள்ள ஈரம் உள்சுவரில் நீராகப் படியும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் தங்கி இரும்பை அரிக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவியபோது ஒரு கைப்பிடித் துரு வந்தது. இதை விட்டுவிட்டு எத்தனை பம்ப் மாட்டினால் என்ன?

எத்தனாலையும் தாத்தா குறிப்பிட்டார். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்தது. 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய டேங்கின் அழுக்கைக் கரைத்துக் கிளப்பும். அதற்கென்று செய்யப்படாத ரப்பரை உப்பவோ வெடிக்கவோ செய்யும். டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடக்கூடும். ஆயில் அளக்கும் கம்பியை முகர்ந்தாலே தெரியும் என்றார். நாங்களும் முகர்ந்தோம், நல்லவேளை, பெட்ரோல் வாசனை இல்லை. பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள பேக்கிங்கின் கனம் மாறினாலும் நெம்புகோலின் வீச்சு மாறும். புதுப் பம்ப் சீக்கிரம் கெட அதுவும் ஒரு வழி.

எங்கள் அப்பாமார்களின் புதிய கார்களில் மின்சாரப் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதன் மோட்டாரைக் குளிர்விக்கிறது. எப்போதும் ‘ரிசர்வ்’ முள்ளிலேயே ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்! ஃபில்டர் அடைத்திருந்தாலும், பழைய ஒயர்களில் மின்னழுத்தம் குறைந்தாலும் அந்தப் பம்ப்பும் வருந்தி உழைத்துக் கெடும்.

டேங்கைக் கழுவி, புது ஃபில்டரும் துளையுள்ள மூடியும் போட்ட பிறகு, அதே பம்ப்புடன் கார் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் பம்ப்பின் டயாபிரத்தில் கீறல் இல்லை, வால்வும் சுத்தம். குற்றமற்ற அதைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். டிரைவர் அண்ணன் இப்போது அதைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறார். துருப்பிடித்த முதல் பம்ப் பௌதிக ஆய்வகத்தில் இருக்கிறது. நெம்புகோலை விரலால் அழுத்தி, வால்வு திறப்பதைத் தங்கைமார் பார்க்கலாம்.