திரும்பி வர எரிபொருள் இருக்கிறதா? – ஒரு கணினி விளையாட்டில் விண்பயணப் பௌதிகவியல்

உயர்தரப் பௌதிகவியலில் உந்தக் காப்பு, வட்ட இயக்கம், ஈர்ப்புப் புலம் ஆகியவற்றை நாம் வெவ்வேறு பாடங்களாகப் படிக்கிறோம். கணக்குகளையும் தனித்தனியாகவே செய்கிறோம். இம்மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்து இயங்கும் இடம் விண்வெளிப் பயணம். அதை ஆய்வுகூடத்தில் செய்து பார்க்க வழியில்லை. ஆனால் கணினியில் செய்து பார்க்கலாம். ‘கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்னும் விளையாட்டை நானாவின் கணினியில் விளையாடும்போது, ஒரு கொப்பியையும் கல்குலேற்றரையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது என் வழக்கம். அந்தக் கொப்பியில் சேர்ந்தவற்றுள் நம் பாடத்தோடு தொடர்புடைய சிலவற்றை இங்கு விளக்க முயல்கிறேன்.

விளையாட்டின் அறிமுகம்

மெக்சிக்கோ நகரிலுள்ள ஸ்குவாட் நிறுவனம் 2011 ஜூன் மாதத்தில் இதனை முதன்முதலாக வெளியிட்டது. முழுமையான 1.0 பதிப்பு 2015 ஏப்ரலில் வந்தது. 2014இல் நாசாவுடன் இணைந்து சிறுகோள்களைப் பிடிக்கும் பகுதியும், 2020இல் ஐரோப்பிய விண்வெளி முகவரகத்துடன் இணைந்து ரொசெட்டா, பெபிகொலம்போ பயணங்களைத் தழுவிய பகுதியும் சேர்க்கப்பட்டன.

இதில் எதிரிகளைச் சுடுவதில்லை. எஞ்சின், எரிபொருள் தாங்கி, பரசூட் முதலிய பாகங்களைப் பொருத்தி விண்கலம் ஒன்றை அமைத்து, கேர்பல்கள் எனப்படும் குட்டையான பச்சை நிற மனிதர்களை அதில் ஏற்றி அனுப்ப வேண்டும். அவர்களது கோள் கேர்பின். அதன் ஆரை 600 கிலோமீற்றர். நமது பூமியின் ஆரையில் பத்தில் ஒரு பங்கிலும் குறைவு. எனினும் மேற்பரப்பில் ஈர்ப்பு ஆர்முடுகல் பூமியைப் போலவே 9.81தான். விமானிகளுள் ஒருத்தியின் பெயர் வலன்டினா. 1963 ஜூன் 16ஆம் திகதி விண்வெளிக்குச் சென்ற முதற்பெண்ணான வலன்டினா தெரெஷ்கோவாவை அப்பெயர் நினைவூட்டுகிறது.

கலத்தை வடிவமைத்தல்

ஏவுதளத்தில் நிற்கும் கலம் இரண்டு நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். முதலாவது, எஞ்சினின் உதைப்பு கலத்தின் நிறையை விட அதிகமாக இருக்க வேண்டும். 20 தொன் கலத்தின் நிறை ஏறத்தாழ 196 கிலோநியூற்றன். உதைப்பு அதற்குக் குறைந்தால் எஞ்சின் எரியும், கலம் அசையாது. இரண்டாவது, திணிவு மையம் முன்பக்கமாகவும், காற்றின் விசைகள் தாக்கும் மையம் பின்பக்கமாகவும் அமைய வேண்டும். அம்பின் பின்முனையில் இறகு கட்டுவதும் இதற்காகத்தான். இது தலைகீழானால் கலம் நடுவானில் குப்புறத் திரும்பிவிடும்.

இவ்விரண்டையும் விட முக்கியமானது, கலம் மொத்தமாக எவ்வளவு வேக மாற்றத்தைப் பெறக்கூடும் என்பது. இதற்கான சமன்பாட்டை ரஷ்ய ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்டார். ஆரம்பத் திணிவை எரிபொருள் தீர்ந்தபின் உள்ள திணிவால் வகுத்து, அவ்விகிதத்தின் இயற்கை மடக்கையை வாயு வெளியேறும் வேகத்தால் பெருக்கினால் வேக மாற்றம் கிடைக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆளிருக்கும் அறையும் அதன் உபகரணங்களும் 1 தொன் என்க. விளையாட்டிலுள்ள ‘டெரியர்’ எஞ்சின் 0.5 தொன், அதிலிருந்து வாயு செக்கனுக்கு 3,384 மீற்றர் வேகத்தில் வெளியேறும். ஒரு தாங்கி நிரம்பியிருக்கையில் 2.25 தொன், வெறுமையாக 0.25 தொன். ஒரு தாங்கியுடன் ஆரம்பத் திணிவு 3.75, இறுதித் திணிவு 1.75. வேக மாற்றம் செக்கனுக்கு 2,579 மீற்றர்.

இரண்டாவது தாங்கியைச் சேர்த்தால் இது இரு மடங்காகும் என்று தோன்றும். ஆனால் 3,718தான் வருகிறது. மூன்று தாங்கிகளுக்கு 4,397, நான்குக்கு 4,857. முதல் தாங்கி 2,579 தந்தது. நான்காவது தந்ததோ 460 மட்டுமே. பின்னர் சேர்க்கும் தாங்கி, தனக்கு முன்னுள்ள எரிபொருளைச் சுமப்பதற்கே தன்னைச் செலவிட்டுவிடுகிறது. மடக்கை வளையி மேலே போகப் போகத் தட்டையாவதன் பொருள் இதுதான்.

இதற்கு மாற்றுவழி, கலத்தைப் பகுதிகளாகப் பிரிப்பது. அதே நான்கு தாங்கிகளில் மூன்றைக் கீழ்ப்பகுதியில் வைத்து அதற்கென இன்னுமோர் எஞ்சினைப் பொருத்துவோம். அவை தீர்ந்ததும் எஞ்சினோடு சேர்த்துக் கழற்றிவிடுவோம். அரைத் தொன் கூடுதலாகச் சுமந்தும் மொத்த வேக மாற்றம் 5,247 ஆக உயர்கிறது. பயன் முடிந்த பாரத்தை இறக்கிவிட்டதால் கிடைத்த இலாபம் அது. உண்மையான ரொக்கெட்டுகள் படிநிலைகளாகக் கட்டப்படுவதற்கும் காரணம் இதுவே.

உயரம் மட்டும் போதாது

விண்வெளிக்குப் போவதென்றால் மேலே போவது என்றே நாம் நினைக்கிறோம். கேர்பினின் வளிமண்டலம் 70 கிலோமீற்றரில் முடிகிறது. நேராக மேலே 100 கிலோமீற்றர் சென்ற கலம் அங்கே தங்காது. மேலே எறிந்த கல்லைப் போலத் திரும்பி விழும். விழாமல் இருக்க வேண்டுமானால் பக்கவாட்டு வேகம் வேண்டும். 80 கிலோமீற்றர் உயரத்தில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 2,280 மீற்றர். மைய நாட்ட விசையை ஈர்ப்பு விசைக்குச் சமப்படுத்தினால் இந்த எண் கிடைத்துவிடும். சிறிய கோள் என்பதால் இவ்வளவு. பூமியைச் சுற்ற 7.8 கிலோமீற்றர் தேவை.

ஆகவே கலம் புறப்பட்டுச் சிறிது நேரத்திலேயே கிழக்கு நோக்கி மெல்லச் சாயத் தொடங்க வேண்டும். ஏவுதளம் மத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால் கோளின் சுழற்சியே செக்கனுக்கு 175 மீற்றர் வேகத்தை இலவசமாகத் தருகிறது. காற்றின் இழுவை, ஈர்ப்பினால் ஏற்படும் இழப்பு ஆகியவற்றையும் சேர்த்து ஒழுக்கை அடைய ஏறத்தாழ 3,400 மீற்றர் செலவாகும்.

நிலவுப் பயணத்தின் வரவுசெலவு

கேர்பினுக்கு ‘மூன்’ என்றொரு நிலவு உண்டு. தாழ்ந்த ஒழுக்கிலிருந்து அதை நோக்கிப் புறப்பட 860. அதைச் சுற்றும் ஒழுக்கில் நிலைபெற 310. வளிமண்டலம் இல்லாததால் எஞ்சினாலேயே வேகத்தைக் குறைத்துத் தரையிறங்க 580. போவதற்கான செலவு 1,750. திரும்புவதற்கு, தரையிலிருந்து ஒழுக்குக்கு ஏற 580. கேர்பினை நோக்கிப் புறப்பட 310. அதன்பின் கேர்பினின் காற்றே வேகத்தைக் குறைத்துவிடும். மொத்தம் 2,640.

இப்போது முதல் உதாரணத்துக்குத் திரும்புவோம். ஒரு தாங்கியுடைய கலத்தின் இருப்பு 2,579. அது நிலவுக்குப் போகும். தரையிறங்கும். வலன்டினா கொடியை நட்டு மீண்டும் மேலெழுவாள். அதுவரை எல்லாம் வெற்றி. கடைசியில் 61 மீற்றர் குறையும். கலம் நிலவின் ஈர்ப்பிலிருந்து விடுபடும். ஆனால் கேர்பினின் வளிமண்டலத்தைத் தொடாமல் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அரைத் தாங்கி ஒன்றைக் கூடுதலாக வைத்திருந்தால் இருப்பு 3,233 ஆகியிருக்கும். அவள் வீடு வந்து சேர்ந்திருப்பாள். இந்த வேறுபாடு நிலவில் வெளிப்பட்டாலும், அது தீர்மானிக்கப்பட்டது ஏவுதளத்தில் கலம் நிற்கும்போதே. ஆகவேதான் நான் வரவுசெலவைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி எழுதுகிறேன்: வீடு திரும்பும் செலவு முதலில், புறப்படும் செலவு கடைசியில்.

துரத்தினால் விலகும்

அவளை மீட்க இன்னொரு கலம் போக வேண்டும். இரண்டும் ஒரே ஒழுக்கில் இருக்க, அவளது கலம் சற்று முன்னால் செல்கிறது என்க. எஞ்சினை இயக்கி முன்னோக்கி விரைந்தால் பிடித்துவிடலாமே என்று தோன்றும். நடப்பது எதிர்மாறானது. வேகம் கூடியதும் ஒழுக்கு உயர்கிறது. பெரிய ஒழுக்கைச் சுற்றிவர நேரமும் கூடுகிறது. நாம் இன்னும் பின்தங்குகிறோம். முன்னால் உள்ளதைப் பிடிக்க, முதலில் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த ஒழுக்குக்கு இறங்க வேண்டும். அங்கு சுற்றுக் காலம் குறைவு, ஆகவே நெருங்கலாம்.

இது விளையாட்டுக்கு மட்டும் உரிய விந்தையன்று. 1965 ஜூன் 3ஆம் திகதி ஜெமினி 4 கலத்தின் தளபதி ஜேம்ஸ் மக்டிவிட், தமது ரொக்கெட்டிலிருந்து பிரிந்த பகுதியை அணுக முயன்றார். அதை நோக்கிச் செலுத்தச் செலுத்த அது விலகியே போயிற்று. எரிபொருள் கரைந்ததால் முயற்சி கைவிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 15இல் ஜெமினி 6, ஜெமினி 7 ஆகியவை முறையான கணக்கீட்டின்படி சந்தித்துக்கொண்டன. 1966 மார்ச் 16இல் ஜெமினி 8 இன்னொரு கலத்துடன் முதன்முறையாக இணைந்தது.

இந்தச் சந்திப்புத் திறனின் மீதே அப்பலோ பயணங்கள் அமைந்தன. வீடு திரும்பத் தேவையான பாரமான கலத்தை நிலவின் தரைக்கு இறக்கி மீண்டும் தூக்குவது வீண் செலவு. அதை ஒழுக்கிலேயே நிறுத்திவிட்டுச் சிறிய கலம் ஒன்றை மட்டும் இறக்கலாம் என நாசா பொறியியலாளர் ஜோன் ஹூபோல்ட் வாதாடினார். 1962இல் அத்திட்டம் ஏற்கப்பட்டது. இறங்கிய கலத்தின் கீழ்ப்பாதி இன்றும் நிலவிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு கோளும் ஒரு புதிய வினா

செவ்வாயை ஒத்த கோள் டூனா. அங்கு காற்று மெல்லியது. பரசூட் மட்டும் போதாது, எஞ்சினும் உதவ வேண்டும். அதற்குப் புறப்படும் நேரத்தையும் நாம் விரும்பியபடி தெரிவுசெய்ய இயலாது. வால்டர் ஹோமன் 1925இல் விளக்கிய சிக்கனப் பாதையில் செல்ல, டூனா கேர்பினுக்கு ஏறத்தாழ 44 பாகை முன்னால் இருக்கும் வேளைக்குக் காத்திருக்க வேண்டும். நிஜத்தில் செவ்வாய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது.

ஊதா நிற ஈவ் இதற்கு நேர்மாறு. தடித்த காற்றில் பரசூட்டால் எளிதாக இறங்கிவிடலாம். ஆனால் ஈர்ப்பு கேர்பினின் 1.7 மடங்கு, மீண்டும் ஒழுக்கை அடைய ஏறத்தாழ 8,000 மீற்றர் வேண்டும். ஜூல் என்ற பெருங்கோளின் துணைக்கோளான டைலோவில் காற்றே இல்லை. ஈர்ப்போ கேர்பினின் ஐந்தில் நான்கு பங்கு. அங்கே பரசூட் வெறும் சுமை. ஓரிடத்துக்குப் பொருந்திய கலம் மற்றோரிடத்துக்குப் பொருந்துவதில்லை.

விளையாட்டின் எல்லைகள்

இதை முழு உண்மையென எடுத்துக்கொள்ளக்கூடாது. இங்கு கலத்தின் மீது ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பு மட்டுமே தாக்கும். ஆகவே இரு ஈர்ப்புகளின் இடையே அமையும் லக்ராஞ்ச் புள்ளிகள் இதில் இல்லை. கேர்பல்களுக்கு மூச்சுக்காற்றும் நீரும் தேவைப்படுவதில்லை. சிறிய கேர்பினுக்குப் பூமியின் ஈர்ப்பைக் கொடுத்ததால் அதன் அடர்த்தி பூமியினதைப் போல் பத்து மடங்கிலும் அதிகமாகிவிடுகிறது. இவ்வாறான வேறுபாடுகளைக் கணக்கிட்டுக் கண்டுபிடிப்பதும் ஒரு நல்ல பயிற்சி.

விளையாட வசதியில்லாத சகோதரிகளுக்கும் இதில் பாதி வேலை தாளிலேயே இருக்கிறது. மேலே தந்த எண்களைக் கொண்டு ஒரு தாங்கியுடைய கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளறையின் திணிவை 1 தொன்னிலிருந்து எவ்வளவு குறைத்தால், தாங்கி எதையும் சேர்க்காமலேயே அந்த 61 மீற்றர் கிடைக்கும்? மடக்கை அட்டவணை இருந்தால் போதும். விடை கிடைத்ததும், அவ்வளவு பாரத்தையும் கலத்தின் எந்தப் பாகத்திலிருந்து கழிப்பீர்கள் என்றும் சிந்தித்துப் பாருங்கள்.