சக்கரம் கத்தினால் காது கொடுங்கள்!
மீன் வண்டியின் பேரிங்கைப் பராமரிப்பதும் மாற்றுவதும்



ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு மாதக் கூட்டம். எல்லோரும் சந்தா கட்டி முடித்துவிட்டார்கள். ஒரு அக்கா மட்டும் தலையைக் குனிந்தபடி, "இந்த மாசம் தவணை கட்ட முடியல" என்றார். குழுவில் உள்கடன் வாங்கித்தான் தள்ளுவண்டி எடுத்திருந்தார். ஒரு தவணைகூட தவறாதவர். என்ன ஆச்சு என்று கேட்டோம்.

விடியற்காலையில் காசிமேட்டில் சரக்கு எடுத்து, பெசன்ட் நகர் தெருக்களில் வண்டி தள்ளிப் போயிருக்கிறார். நடுத்தெருவில் ஒரு சக்கரம் இறுகி நின்றுவிட்டது. ஆள் பிடித்து, மெக்கானிக்கைத் தேடி, வண்டி நகர்வதற்குள் மதியம் ஆகிவிட்டது. ஐஸ் கரைந்தது, மீன் போச்சு. மறுநாள் சரக்கு எடுக்க தண்டல்காரரிடம் கை நீட்டினார். அவர் தவணை வராததால், மகளின் காலேஜ் பீஸுக்காக வரிசையில் இருந்த இன்னொரு சகோதரிக்கும் அந்த மாதம் கடன் கொடுக்க முடியவில்லை.

"சக்கரம் முன்னாடியே சத்தம் போட்டுச்சா?" என்று கேட்டோம். "ரெண்டு வாரமா கத்துச்சு. தேங்காய் எண்ணெய் விட்டேன், நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

சத்தம்தான் நின்றது, பழுது நிற்கவில்லை. அதனால் இந்த இதழில் பேரிங்கைப் பற்றிப் படிப்போம். "இது ஆம்பளைங்க வேலை" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் புதுசா பழசா என்று சொல்பவர்கள் நாம். சக்கரத்தையும் அதே மாதிரி பார்க்கக் கற்றுக்கொள்ளலாம்.

பேரிங் என்றால் என்ன?

கனமான படகை மணலில் அப்படியே இழுத்தால் நகராது. அடியில் உருட்டுக்கட்டை வைத்தால் உருண்டு வரும். பேரிங்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் உருள்கின்றன. 1794-ஆம் ஆண்டிலேயே வேல்ஸ் நாட்டில் பிலிப் வாகன் என்பவர் வண்டி அச்சுக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார். மீன்பாடி வண்டி, தள்ளுவண்டி, காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லர் என்று எதுவானாலும் சக்கரத்துக்குள் நடப்பது இதுதான்.

நம் வண்டிகளில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று, சைக்கிள் சக்கரம் போல கப், கோன், உதிரிக் குண்டுகள் கொண்டது. இன்னொன்று, குண்டுகளை இரண்டு வளையங்களுக்கு நடுவில் வைத்து, ரப்பர் அல்லது தகடு போட்டு மூடிய பேரிங். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வண்டிக்கு ஏன் சீக்கிரம் கெடுகிறது?

உப்புக் காற்றும் ஐஸ் கரைந்து ஒழுகும் மீன் தண்ணீரும் குண்டைத் துருப்பிடிக்க வைக்கும். உள்ளே போகும் மணல் அம்மியில் அரைப்பது போல அதைத் தேய்க்கும். இந்த மூன்றையும் தடுப்பது கிரீஸ். அது வழுவழுப்பு மட்டும் தருவதில்லை, தண்ணீர் உள்ளே போகாமலும் காக்கிறது. வெளியிலிருந்து மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டால் அந்த கிரீஸ் கரைந்து வெளியே வந்துவிடும். இரண்டு நாள் சத்தம் இருக்காது. அதற்குப் பிறகு உள்ளே காவலுக்கு ஒன்றும் இருக்காது.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடச் சோதனை

1. சரக்கை இறக்குங்கள். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். அச்சுக்கு அடியில் உறுதியான கட்டை கொடுத்து ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். செங்கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்தாதீர்கள், சரிந்தால் கை போய்விடும்.
2. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். கரகர சத்தமோ, கடக் கடக் என்ற சத்தமோ வரக்கூடாது.
3. சக்கரத்தின் மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கோன் தளர்ந்திருக்கிறது அல்லது குண்டு தேய்ந்திருக்கிறது.
4. வியாபாரம் முடிந்து வந்ததும் சக்கரத்தின் நடுப்பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் அதைக் கவனியுங்கள்.
5. அச்சு ஓரத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் கசிந்தால் உள்ளே துரு பிடித்திருக்கிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே பிரித்துப் பாருங்கள்.

குண்டு வகையைப் பிரித்து கிரீஸ் வைப்பது

கூட்டம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு சைக்கிள் கடை அண்ணனை அழைத்து, அந்த அக்காவின் வண்டியிலேயே மற்ற சக்கரங்களைப் பிரித்துக் கற்றுக்கொண்டோம். செய்த முறை இது.

மணலில் உட்கார்ந்து பிரிக்கக்கூடாது, சிமென்ட் தரைதான் நல்லது. கீழே ஒரு பழைய தாம்பாளத்தை வையுங்கள், குண்டு ஓடிப் போகாது. கழற்றும் நட்டு, வாஷர், கோன் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் வையுங்கள். மாட்டும்போது பின்னாலிருந்து வர வேண்டும். ஒரு பக்கத்தில் எத்தனை குண்டு இருந்தது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். பக்கத்தில் அடுப்போ பீடி நெருப்போ இருக்கக்கூடாது. இப்போது வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல குண்டு கண்ணாடி மாதிரி மின்னும். கரும்புள்ளியோ குழியோ இருந்தால் மாற்ற வேண்டும். ஒரு குண்டு கெட்டிருந்தாலும் மொத்தத்தையும் மாற்றுங்கள். தேய்ந்த குண்டுகளுக்கு நடுவில் புதுக் குண்டு சற்றுப் பெரிதாக நிற்கும், பாரம் முழுவதும் அதன் மேலேயே விழும். கோனிலும் கப்பிலும் குண்டு ஓடிய தடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் அவற்றையும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் புதுக் குண்டும் சில வாரம்தான் தாங்கும்.

நன்றாகக் காய்ந்த பிறகு கப்பில் கிரீஸைத் தாராளமாகத் தடவி, குண்டுகளை அதில் பதியுங்கள். முதலில் இருந்த எண்ணிக்கையே போதும், கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். கடையில் "வீல் பேரிங் கிரீஸ், தண்ணீர் தாங்குவது" என்று கேட்டு வாங்குங்கள்.

கோனை இறுக்குவதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. சக்கரம் பிடிக்கும் வரை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்துங்கள். கோன் திரும்பாமல் பிடித்துக்கொண்டு வெளி நட்டை இறுக்குங்கள். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடவும் கூடாது. வெளி நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடும், அதனால் இன்னொரு முறை சுற்றிப் பாருங்கள். எங்களுக்கு மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

மூடிய பேரிங் என்றால்

ரப்பர் போட்டு மூடிய பேரிங்கை நாம் பிரித்து கிரீஸ் வைப்பதில்லை. கரகரத்தால் மாற்றிவிட வேண்டியதுதான். அதன் மேல் எண் பொறித்திருக்கும். உதாரணமாக 6204 என்றால் உள் துவாரம் 20 மில்லிமீட்டர், வெளி அளவு 47, அகலம் 14. 6205 என்றால் உள் துவாரம் 25 மில்லிமீட்டர். பழைய பேரிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு போய், எண்ணைப் பார்த்து வாங்கி, பில் கேளுங்கள். மழையிலும் மீன் தண்ணீரிலும் நிற்கும் வண்டிக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளது நல்லது. கடைக்காரர்கள் அதை 2ஆர்எஸ் என்பார்கள்.

மாட்டும் வேலையைப் பட்டறையில் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். சக்கரத்துக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில்தான் தட்ட வேண்டும், அச்சில் ஏற்றும்போது உள் வளையத்தில்தான் தட்ட வேண்டும். மாற்றித் தட்டினால் அந்த அடி குண்டு வழியாகப் போய் வளையத்தில் குழி விழும். புது பேரிங் அன்றைக்கே பாதி பழசாகிவிடும்.

எப்போது செய்வது?

கடற்கரை வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் மாற்றுவது என்று நாங்கள் பழக்கப்படுத்தி வருகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் வரத்து குறையும். முழு வண்டியையும் பிரித்துப் பார்க்க அது நல்ல சமயம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இன்னொரு முறை செய்யுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையையும் நாம் மறக்கவில்லை. அச்சு வரை தண்ணீரில் நின்ற வண்டியைத் துடைத்து வைத்தால் போதாது, அந்த வாரமே பிரித்துப் பார்க்க வேண்டும். தினமும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மீன் தண்ணீர் சக்கரத்தில் விழாதபடி பெட்டியிலிருந்து ஒரு குழாய் வைத்து வாளியில் விடுங்கள்.

கிரீஸ் டப்பா, குண்டு, இரண்டு ஸ்பானர் எல்லாம் சேர்ந்தாலும் கெட்டுப்போன ஒரு கூடை மீனின் விலை வராது. எங்கள் குழுவில் பொது நிதியிலிருந்து ஒரு கருவிப் பெட்டி வாங்க தீர்மானம் போட்டோம். சாவி அந்த அக்காவிடம்தான் இருக்கிறது. அடுத்த மாதம் பாக்கித் தவணையையும் சேர்த்துக் கட்டினார். காலேஜ் பீஸ் கடனும் கொடுத்தாயிற்று. இப்போது தெருவில் யார் வண்டி கத்தினாலும், "ஏம்மா, நில்லு. எண்ணெய் விடாத, பிரிச்சுப் பார்க்கலாம்" என்று அவர்தான் கூப்பிடுகிறார்.

உங்கள் குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் எத்தனை பேர் பிழைப்பு வண்டியை நம்பி இருக்கிறது? கடைசியாக எப்போது கிரீஸ் வைத்தார்கள்?
2. ஒரு வண்டி ஒரு நாள் நின்றால் யார் யாருக்கு நஷ்டம்?
3. நம் குழுவுக்குப் பொதுக் கருவிப் பெட்டி வாங்கலாமா? யார் பொறுப்பு?

பேசி முடிவெடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.