கேட்பவர்களுக்கு எவ்வளவு கடன்?

சிரம்பான்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய வாசகர் கடிதங்களை எல்லாம் படித்து முடித்தேன். உன் தோட்டப்புறக் கதைத் தொடரைப் பதினான்காம் அத்தியாயத்தோடு நிறுத்தியதற்குத் திட்டு, அதில் வரும் அஞ்சலையைச் சாகடித்ததற்குத் திட்டு, கள்ளுக்கடைச் சண்டையை எழுதித் தோட்டத்து மானத்தை வாங்கிவிட்டாய் என்று திட்டு. எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவர்கள் சொன்னபடி மாற்றி எழுதிவிடட்டுமா, இல்லை எழுதுவதையே விட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டாம். யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறாய் என்று முதலில் கணக்குப் பார். இந்தக் கடிதங்களில் இருவகைக் கடன் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. அதனால்தான் உனக்குக் குழப்பம்.

கோபப்படுகிறவர்கள் யார் என்பதை நினைத்துப் பார். நீலாய், செண்டாயான் பக்கம் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகள் இருக்கின்றன. தொழிலாளர் குடியிருந்த லயம் போயிற்று, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை போயிற்று, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குக் கூடிய இடம் எதுவென்று பேரப்பிள்ளைக்குக் காட்டக்கூட அடையாளம் இல்லை. அந்த மனிதர்களுக்குத் தங்கள் தோட்டம் இப்போது உன் கதையில்தான் இருக்கிறது. ஆகவே, ஒரு சினிமா ரசிகன் நடிகரிடம் கொண்டாடும் உரிமையும் இவர்கள் உன்னிடம் கொண்டாடும் உரிமையும் ஒன்றல்ல. இவர்கள் உன் வாசகர்கள், உன் கதைக்குப் பொருளானவர்களும் இவர்களே. வாசகர் என்ற முறையில் இவர்களுக்கு நீ பட்ட கடன் சிறியது. உன் கதைக்குப் பொருளானவர்கள் என்ற முறையில் பட்டது பெரியது. சிறிய கடனைப் பெரிதாக்கிக்கொண்டு அழுகிறாய், பெரியதை இன்னும் நீ எண்ணிப் பார்க்கவே இல்லை.

முதலில் சிறியதைச் சொல்கிறேன். கல்கி 'பொன்னியின் செல்வன்' தொடரை 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை எழுதினார். மூன்றரை ஆண்டு வாரம் தவறாமல் காத்திருந்தவர்களுக்கு முடிவு போதவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று, இவருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விகளுக்குக் கல்கி ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் சிலரின் பிற்காலத்தைச் சொல்லி விளக்கம் தந்தார். கதையைத் திறந்து வேறு முடிவு வைக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். தொடர் எழுதுகிறவர் வாசகருக்குத் தரவேண்டியதன் அளவு எனக்குத் தெரிந்து இவ்வளவுதான்: சொன்ன தவணையில் தருவது, கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்வது. கதை எப்படிப் போக வேண்டும் என்பது அந்தக் கணக்கில் சேராது. ஆங்கிலத்தில் ஆர்தர் கோனன் டாயில் 1893 டிசம்பரில் ஷெர்லக் ஹோம்ஸைச் சாகடித்தபோது ஏராளமானோர் பத்திரிகைச் சந்தாவையே நிறுத்தினார்கள். அது அவர்களுடைய உரிமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. டாயில் 1903-இல் ஹோம்ஸை உயிரோடு கொண்டுவந்தாரே, வாசகர் அழுத்தம் நல்லதைத்தானே செய்தது என்று கேட்பாய். பத்து ஆண்டு கழித்து, நல்ல விலை பேசிக்கொண்டு, தான் விரும்பியபோதுதான் அவர் திரும்பினார். கடன் என்று எண்ணியிருந்தால் மறு மாதமே எழுதியிருக்க வேண்டும்.

அஞ்சலையின் முடிவை மாற்றச் சொல்கிறவர்களுக்கு என்ன செய்வது என்பதற்கு நம் மொழியிலேயே அருமையான முன்னுதாரணம் உண்டு. ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். மழையில் நனைந்து நிற்கும் கல்லூரிப் பெண்ணைக் காரில் வந்த ஒருவன் ஏற்றிச் சென்று கெடுத்துவிடுகிறான். வீடு திரும்பியவளை முதலில் ஆத்திரத்தில் அடிக்கும் தாய், பிறகு தன்னை அடக்கிக்கொண்டு, மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தமிழகம் கொதித்தது. எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று கேட்டார்கள், வேறு முடிவுகளை எழுதிக் காட்டியவர்களும் உண்டு. ஜெயகாந்தன் கதையில் ஒரு வரியும் மாற்றவில்லை. ஆனால் எதிர்ப்பை அவர் காதில் போட்டுக்கொள்ளாமலும் இல்லை. சரி, அந்தத் தாய் உங்களைப் போலவே நடந்துகொண்டிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று எண்ணி, தினமணி கதிரில் ஒரு நாவலையே எழுதினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. விஷயம் வீதிக்கு வந்து, வீட்டைவிட்டு விரட்டப்பட்டு, படித்து உத்தியோகத்துக்கு வந்த கங்கா, தன் வாழ்க்கையை வேறு விதமாக முடித்திருக்கும் அந்தச் சிறுகதையை அதே நாவலுக்குள் படிக்கிறாள்! வாசகர் கேட்ட முடிவைக் கொடுத்து, அதன் விலை என்ன என்பதையும் அவர்களுக்கே காட்டிவிட்டார். 1972-இல் சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்குத்தான் கிடைத்தது. அஞ்சலை பிழைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி உன்னை உறுத்தினால் தனியாக ஒரு கதை எழுது. உறுத்தாவிட்டால் விட்டுவிடு.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அது வலுவானது. நம் மலேசியாவில் தமிழ்ப் புத்தகத்துக்குச் சந்தை என்று ஒன்று இல்லை. நூல் வெளியீட்டுக்கு வந்து உறையில் பணம் வைத்து வாங்குகிற நம் சனங்கள்தான் எழுத்தாளரைத் தாங்குகிறார்கள். தாங்குகிறவர்களுக்கு ஒரு சொல் சொல்ல உரிமை இல்லையா? ஒரு சொல் என்ன, நூறு சொல்லட்டும். 1950, 51-இல் தமிழ் நேசன் நாளிதழ் கதை வகுப்பு நடத்தி வாசகர்களிலிருந்தே எழுத்தாளர்களை உருவாக்கிய நாடு இது. இங்கே வாசகர் வாயை மூடச் சொல்வது நன்றிகெட்ட செயல். ஆனால் விமர்சிப்பது வேறு, ஏவுவது வேறு. அவர்கள் ஆதரவு தருவது எழுத்து இருக்க வேண்டும் என்பதற்காக. முதல் நூல் வாங்குகிற பெரிய மனிதர்கள் சிலர் நூலோடு ஆசிரியரையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வதுண்டு. அதற்கு நீ பொறுப்பில்லை.

இனிப் பெரிய கடன், கதைக்குப் பொருளானவர்களுக்கு நீ பட்டது. முதலில், மானம் போயிற்று என்கிறவர்களுக்குப் பதில். ம. நவீனின் 'பேய்ச்சி' தோட்டப்புற வாழ்க்கையைச் சொல்லும் நாவல். அதில் வரும் கொச்சைச் சொற்களுக்குத் தமிழர் வட்டத்திலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. நாவல் மோசம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. யாரும் படிக்கவே கூடாது என்பதை என்னால் ஏற்க முடியாது. எழுத்தாளர் பெருமாள்முருகனின் நாவல் குறித்த வழக்கில் 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் சாரமும், பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விடலாம் என்பதுதான். ஆகவே கள்ளுக்கடைச் சண்டையை நீக்காதே. தோட்டத்தில் கள்ளும் இருந்தது, அடியும் இருந்தது. அவற்றை மறைத்தால், அடி வாங்கிய பெண்களுக்குத்தான் நீ துரோகம் செய்கிறாய். மானம் போயிற்று என்று எழுதியவர்கள் கேட்பது தங்கள் வாழ்க்கையின் நல்ல படத்தை. நீ அவர்களுக்குத் தரவேண்டியது உண்மையான படம்.

அந்த உண்மையில்தான் நீ தவறியிருக்கிறாய். ஒன்பதாம் அத்தியாயத்தில் அஞ்சலை உச்சி வெயிலில் பால் வெட்டுகிறாள். போர்ட்டிக்சனிலிருந்து ஒரு மூதாட்டி அதைக் குறித்துக் காட்டியிருக்கிறார், நீயோ அதையும் வசவுக் கடிதங்களோடு சேர்த்துக் கட்டிவிட்டாய். விடியுமுன் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால்தான் அந்தப் பெண்கள் கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, இருட்டிலேயே நெற்றி விளக்கோடு காட்டுக்குப் போனார்கள். மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை, அன்றைய வருமானமும் கெடும். இதெல்லாம் வெறும் தகவல் இல்லை, அவர்கள் உடம்பு பட்ட பாடு. அதைத் தப்பாக எழுதுவது அவர்கள் உழைப்பையே தப்பாகக் கணக்கு எழுதுவது, தோட்டத்துக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு நாளை விட்டுவிடுவது மாதிரி. இன்னொன்றும் இருக்கிறது. உன் கதையில் வரும் கிராணியின் பெயரை மாற்றியிருக்கிறாய், ஆனால் அவர் கால் ஊனத்தையும் மகள் ஓடிப்போனதையும் அப்படியே வைத்திருக்கிறாய். அந்த வட்டாரத்தில் யாருக்கும் அடையாளம் தெரிந்துவிடும். அந்த மகள் இன்றும் எங்கோ குடும்பத்தோடு இருக்கிறாள். அவளிடமிருந்து கடிதம் வரவில்லை, வரவும் வராது. ஆனாலும் நீ பட்ட கடன்களில் மிகப் பெரியது அவளுக்குத்தான்.

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்கிறேன். தொடர் தற்காலிகமாக நிற்கிறது என்று வரும் ஞாயிறே இரண்டு வரியில் அறிவித்துவிடு. காரணம் சொல்ல வேண்டியதில்லை, தேதி கொடுக்கவே கொடுக்காதே. தொடர் புத்தகமாக வரும் என்று முன்பணம் கட்டியவர்கள் திரும்பக் கேட்டால் கேட்ட அன்றே கொடு. அஞ்சலை செத்தது செத்ததாகவே இருக்கட்டும். ஒன்பதாம் அத்தியாயத்தைத் திருத்து, கிராணியின் அடையாளங்களை மாற்று. போர்ட்டிக்சன் அம்மாவுக்கு உன் கைப்பட நன்றி எழுது, முடிந்தால் நேரில் போய் இன்னும் என்னென்ன தப்பு என்று கேட்டுக்கொண்டு வா. மற்ற கடிதங்களுக்குப் பதில் போடுவதும் போடாததும் உன் விருப்பம்.

அன்புடன்,
பெரியப்பா