மென்பொருளின் அரங்கேற்றம்

நடனம் பயிலும் மாணவியின் அரங்கேற்றத்திற்கு நாள் குறிப்பவர் யார்? பெற்றோருக்கு ஆவல் மிகுதி. மாணவிக்கோ அதனினும் மிகுதி. ஆயினும் நாள் குறிக்கும் பொறுப்பு ஆசானுடையது. அவர் பார்ப்பவை இரண்டு. ஆடத் தெரியுமா என்பது ஒன்று. அரங்கில் அடி தவறினால் தாளத்தை மீண்டும் பற்றிக்கொள்ளத் தெரியுமா என்பது மற்றொன்று. முதலாவதைக் கண்டு மகிழ்ந்து இரண்டாவதை மறந்தவர் நல்லாசான் அல்லர்.

கணிப்பொறி மென்பொருளுக்கும் இவ்விதி பொருந்தும். திறந்த மூல மென்பொருள் என்பது, நிரலின் மூலத்தை யாவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை அளிப்பது. பல நாட்டினர் கூடி எழுதும் அத்தகைய மென்பொருளில், கட்டளையிட்டு நடத்தும் முதலாளி ஒருவர் பெரும்பாலும் இரார். அவ்வாறாயின், புதிய வசதி ஒன்று வெளியிடும் பதத்தை அடைந்துவிட்டது என்று முடிவு செய்வது எங்ஙனம்?

முடிந்தது என்பதன் பொருள்

நிரல் எழுதிய மாணவர், “என் கணிப்பொறியில் ஓடுகிறது, வேலை முடிந்தது” என்பார். உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. எழுதாத ஒருவர் அதனைப் படித்துப் பார்க்கவேண்டும். பல்வகைப் பொறிகளில் அது சோதிக்கப்படவேண்டும். தவறான உள்ளீடு கொடுத்தால் என்ன ஆகும் என்று காணவேண்டும். பயன்படுத்தும் முறையை விளக்கும் குறிப்பும் வேண்டும்.

இவற்றிற்கு மேலாக ஒன்றுண்டு. வெளியிட்ட வசதியின்மேல் பிறர் தம் நிரல்களைக் கட்டத் தொடங்கிவிடுவர். பிறகு அதன் வடிவை மாற்றினால் அவர்கள் கட்டியவை யாவும் சரியும். வெளியிடுமுன் ஒரு வசதியை நீக்குவது எளிது. வெளியிட்டபின் நீக்குவது மிக அரிது. ஆதலின் வெளியீட்டு நாள் ஓர் எல்லைக்கோடு ஆகும்.

அவசரமும் காத்திருத்தலும்

டெபியன் என்னும் இயங்குதளத்தின் வரலாறு இருவகைப் பாடங்களையும் கற்பிக்கிறது. 1995-ஆம் ஆண்டின் இறுதியில், குறுந்தகடு விற்கும் நிறுவனம் ஒன்று, உருவாகிக்கொண்டிருந்த அரைகுறைப் பதிப்பைத் தவறுதலாக “டெபியன் 1.0” என்று பெயரிட்டு வெளியிட்டுவிட்டது. அது சரியாக இயங்காது என்று டெபியன் குழுவினர் அறிவிக்க நேர்ந்தது. குழப்பம் நேராதிருக்க 1.0 என்னும் எண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் 1.1 என்று வெளியிட்டனர்.

“பதமானபின் வெளியிடுவோம்” என்பது டெபியனின் கொள்கை. கேட்பதற்கு இனிய கொள்கைதான். ஆனால் 3.0 பதிப்பு வெளிவந்தது 2002 ஜூலையில், 3.1 வெளிவந்தது 2005 ஜூனில். ஏறத்தாழ மூன்றாண்டுகள்! அதற்குள் புதிய பொறிகள் சந்தைக்கு வந்தன. பழைய பதிப்பை நம்பியிருந்தோர் இடர்ப்பட்டனர். காத்திருப்பதற்கும் விலை உண்டு. அதனைக் கொடுப்பவர் பயனரே.

டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2004 அக்டோபரில் தோன்றிய உபுண்டு, ஆறு திங்களுக்கு ஒரு முறை வெளியிடும் வழக்கத்தை மேற்கொண்டது. டெபியனும் பின்னர், புதியன புகுத்துவதை நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பிழை களையும் முறைக்கு வந்தது. இப்பொழுது ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒரு பதிப்பு வெளிவருகிறது. 12-ஆம் பதிப்பு 2023 ஜூனிலும், 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் வந்தன.

வண்டி காத்திராது

இம்முறையின் உட்பொருள் யாது? வெளியீட்டுக் காலத்தை வரையறு. பதமாகாத வசதியை இறக்கிவிடு என்பதே. லினக்ஸ் கருநிரலில் இதனைத் தெளிவாகக் காணலாம். ஒவ்வொரு பதிப்பிற்கும் புதியன சேர்க்க ஏறக்குறைய இரண்டு வாரமே வாயில் திறந்திருக்கும். அதன்பின் வாரந்தோறும் ஒரு முன்பதிப்பு வெளிவரும். அவற்றில் பிழை திருத்தமே நடைபெறும். வாயில் மூடியபின் வந்த வசதி அடுத்த பதிப்பிற்குக் காத்திருக்கவேண்டும். அது வருவதற்கு ஒன்பது அல்லது பத்து வாரமே ஆகும்.

ஊருக்குச் செல்ல வாரத்திற்கு ஒரே வண்டி என்றால், நெரிசலில் தொங்கிக்கொண்டாவது ஏறிவிடவே மனம் விழையும். மணிக்கு ஒரு வண்டி உண்டென்றால் அமைதியாக நிற்போம். மென்பொருளிலும் அப்படியே. அடுத்த வெளியீடு அண்மையில் இருந்தால் “இப்போது வேண்டாம்” என்று சொல்வதும் எளிது, கேட்பதும் எளிது. ஓராண்டு காத்திருக்கவேண்டிய இடத்திலேதான் மனவுறுதி சோதிக்கப்படுகிறது.

வெற்று இடைவெளி கற்பித்த பாடம்

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் ஆண்டுக்கு ஒரு பெரும்பதிப்பாக வெளிவருவது. வழக்கமாக ஏப்ரலில் புதிய வசதிகளுக்கு வாயில் மூடப்படும். மே திங்களில் முதற் சோதனைப் பதிப்பும், இலையுதிர்காலத்தில் இறுதிப் பதிப்பும் வரும்.

2024 ஜனவரியில், 17-ஆம் பதிப்பிற்கென ஓர் அரிய வசதி சேர்க்கப்பட்டது. அதனை நம் விடுதி அறையைக்கொண்டு விளக்கலாம். ஓர் அறை, ஒருவருக்கு ஒரு காலப்பகுதியில் ஒதுக்கப்படுகிறது. அதே அறைக்கு, அதே காலத்தில், வேறொருவர் பெயரைப் பதிய முடியாதவாறு தரவுத்தளமே தடுத்துவிடும். காலப்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று பார்ப்பதே அதன் வழி.

ஆனால் காலப்பகுதி வெறுமையாக இருந்தால்? தொடக்கமும் முடிவும் இல்லாத வெற்று இடைவெளி எதன்மேலும் படியாது. மற்றொரு வெற்று இடைவெளியின்மேலும் படியாது. ஆகவே ஒரே பதிவை எத்தனை முறை இட்டாலும் தடை எழாது! ஒரு பதிவு இரு முறை வரலாகாது என்பதே முதன்மைத் திறவுகோலின் இலக்கணம். அந்த அடிப்படையே இங்கு ஆட்டம் கண்டது.

இக்குறையை 17-ஆம் பதிப்பிற்குள் செம்மையாகத் தீர்க்கக் காலம் போதாது என்று கண்டு, 2024 மே திங்களில் அவ்வசதி முழுவதையும் எடுத்துவிட்டனர். பல திங்கள் உழைத்தோர்க்கு அது வருத்தமாகத்தான் இருந்திருக்கும். எனினும் வேலை வீணாகவில்லை. வெற்று இடைவெளியை ஏற்க மறுக்கும் தடையுடன் திருத்தப்பெற்று, 2025 செப்டம்பரில் 18-ஆம் பதிப்பில் அது வெளிவந்தது.

இதற்கு முன்னும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. ஜேசான் வடிவத் தரவுகளைக் கையாளும் வசதித் தொகுதி ஒன்று, 15-ஆம் பதிப்பின் சோதனைப் பதிப்புகளில் இடம்பெற்ற பின்னரும், 2022 செப்டம்பர் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. ஒரு பகுதி 2023-இல் 16-ஆம் பதிப்பிலும், பெரும்பகுதி 2024-இல் 17-ஆம் பதிப்பிலும் வந்தது. ஆவலோடு எதிர்பார்த்தோர் பலர். ஆனாலும் எதிர்பார்ப்பு மட்டுமே தகுதி ஆகிவிடாது என்பதில் அக்குழுவினர் உறுதியாக நின்றனர்.

கேட்கவேண்டிய கேள்விகள்

நம்முள் பலர் இத்தகைய திட்டங்களுக்கு நிரல் எழுதி அனுப்புகின்றனர். இனியும் பலர் எழுதுவர். அனுப்புமுன் நம்மையே நாம் கேட்டுக்கொள்ளவேண்டியவை சில:

1. எழுதாத ஒருவர் இதனை முழுவதும் படித்துப் பார்த்தாரா?
2. வெறுமை, சுழி, மிகப் பெரியது ஆகிய எல்லை நிலைகளில் இது என்ன செய்யும்?
3. நேற்றுவரை ஓடிய பயனரின் நிரல் நாளையும் ஓடுமா?
4. நாளை இதன் வடிவை மாற்ற இயலாமற்போனால், இன்றுள்ள வடிவோடு பல்லாண்டு வாழ நமக்குச் சம்மதமா?
5. குறை தோன்றினால் இதனை மட்டும் தனியே எடுத்துவிட இயலுமா?

இவற்றிற்கெல்லாம் “ஆம்” என்ற விடையோ தெளிவான விடையோ கிடைத்தால் நாள் குறிக்கலாம். கிடைக்கவில்லையெனில் அடுத்த வண்டியை எதிர்நோக்கலாம். குறையே இல்லாத மென்பொருள் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அப்படியொன்று உலகில் இல்லை. அறிந்த குறையை மறைத்து வெளியிடாமை, அறியாத குறை தோன்றும்போது மீளும் வழியை வைத்திருத்தல் ஆகிய இரண்டே வேண்டுவன.

நாம் எழுதியது திருப்பி அனுப்பப்பட்டால் உள்ளம் சோரவேண்டா. அது தள்ளுபடி அன்று, நாள் தள்ளிவைத்தலே. ஆசான் “இன்னும் சில திங்கள் பயில்க” என்று சொல்வது, அரங்கில் நாம் தலைகுனியக் கூடாதே என்னும் அக்கறையினால் அன்றோ!