ஸ்டில்டன் பாலாடைக்கட்டி: பெயரும் பக்குவமும்

பூஞ்சணம் பிடித்த பண்டத்தை எறிந்துவிடுவது நம் வீட்டு வழக்கம். ஆயின், நல்ல பூஞ்சணத்தைத் தாமே இட்டு வளர்த்து, அதனாலேயே பெருமை பெற்ற பண்டம் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. ஸ்டில்டன் என்னும் பாலாடைக்கட்டியே அது. அதன் வரலாற்றில் சங்க உறுப்பினர்களாகிய நாம் அறியத்தக்க செய்தி உள்ளது.

முதலில் செய்முறையைக் காண்போம். பசும்பாலைச் சூடேற்றிக் கிருமி நீக்கி, பெனிசிலியம் ராக்போர்ட்டி என்னும் பூஞ்சணத்தைச் சேர்த்து உறையச் செய்கின்றனர். உறைந்ததை வெட்டி, நீர் வடித்து, உப்பிட்டு, உருளை அச்சுகளில் நிரப்புகின்றனர், அழுத்துவதில்லை. சுமார் ஆறு வாரங்களுக்குப்பின் எஃகு ஊசிகளால் துளையிடுவர். துளை வழியே காற்றுப் புகவே, உள்ளிருக்கும் பூஞ்சணம் நீல நரம்புகளாகப் படர்கிறது. ஏறத்தாழ 8 கிலோ எடையுள்ள ஒரு கட்டிக்கு 70 லிட்டருக்கு மேல் பால் வேண்டும்.

ஸ்டில்டன் என்பது லண்டனிலிருந்து வடக்கே செல்லும் பெருவழியில் உள்ள ஒரு சிற்றூர். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கிய பயணிகளுக்கு இது விற்கப்பட்டமையால் ஊர்ப்பெயரே பண்டத்தின் பெயராயிற்று. பெயர் பரவினால் போலியும் பரவும் அன்றோ? உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி முறைகளை வகுத்தனர். 1966-இல் சான்றுக் குறியீடு பெற்றனர். 1996-இல் ஐரோப்பியப் பாதுகாப்பும் கிட்டியது. டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்காம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் செய்வதற்கே அப்பெயர் உரியது. பெயர் தந்த சிற்றூரோ இவற்றுக்கு வெளியே கேம்பிரிட்ஜ்ஷயரில் இருப்பதால், அங்குச் செய்வதை ஸ்டில்டன் என விற்றல் இயலாது! 1911-இல் பன்னிரண்டு உழவர்கள் கூட்டுறவாகத் தொடங்கிய லாங் கிளாசன் பாற்பண்ணை இதனைச் செய்து புகழ் பெற்றது.

இதனை உண்பதற்கும் முறை உண்டு. உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்னரே குளிரிலிருந்து எடுத்து வைத்தால்தான் மணமும் மென்மையும் வெளிப்படும். நடுவே கரண்டியால் குடைந்தால் எஞ்சியது உலர்ந்து வீணாகும். ஆதலால் ஓரமும் நடுவும் அனைவர்க்கும் கிடைக்குமாறு ஆப்பு வடிவில் அரிதல் நன்று. பேரிக்காய், அக்ரூட், பிஸ்கட் ஆகியன இதற்கு ஏற்ற துணை. கிறிஸ்துமஸ் விருந்தில் போர்ட் மதுவுடன் உண்பது அந்நாட்டார் மரபு. மிஞ்சிய துண்டுகள் சூப்பில் கரைந்து சுவை கூட்டும்.

ஒருவர் முறை தவறினும் அனைவர் பெயரும் கெடும் என்பதை உணர்ந்தே அவர்கள் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டனர். நம் சங்க முத்திரை பதியும் ஒவ்வொரு சேலைக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இது பொருந்தும்.