'அடுத்த ஆண்டு வருக': கற்றல் குறைபாடுடைய மாணவரும் கல்லூரிச் சேர்க்கையும்

முன்னுரை

கல்லூரி வாயிலில் வந்து கல்வி கேட்கும் மாணவருக்கு நாம் மூன்று விடைகளுள் ஒன்றைக் கூறுகின்றோம். 'இடம் உண்டு' என்பது ஒன்று. 'இடம் இல்லை' என்பது மற்றொன்று. 'அடுத்த ஆண்டு வருக' என்பது மூன்றாவது. முதலிரண்டும் தெளிவானவை. மூன்றாவது விடையோ கனிவுடையது போலத் தோன்றினும், பல வேளைகளில் மறுப்பாகவே முடிகின்றது. கற்றல் குறைபாடுடைய மாணவர்க்கு இவ்விடை எவ்வாறு கூறப்படுகின்றது, அது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதற்கண் கூறிவிடுதல் முறை. 2018ஆம் ஆண்டு, நான் முன்னர்ப் பணியாற்றிய கல்லூரி ஒன்றின் சேர்க்கைக் குழுவில் அமர்ந்திருந்தேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தந்தை ஒருவர் தம் மகனை அழைத்து வந்திருந்தார். விண்ணப்பத்தைத் தன் கையாலேயே நிரப்புமாறு அம்மாணவனிடம் கூறினோம். தன் ஊர்ப் பெயரை அவன் மூன்று முறை எழுதினான். மூன்று முறையும் வெவ்வேறு வகையில் பிழைபட எழுதினான். ஆயின், சீறாப்புராணத்தின் ஹிஜ்றத்துக் காண்டச் செய்தியைப் பற்றி வாய்மொழியாக வினவியபோது, தடையின்றி, நிரல்படக் கூறினான். தந்தை தயங்கியவாறு, "எழுத்துதான் ஐயா இவனுக்கு வராது, மற்றதெல்லாம் வரும்" என்றார். "மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டு வாருங்கள்" என்று அனுப்பிவைத்தோம். அவ்வாறு கூறியவர்களுள் நானும் ஒருவன். அடுத்த ஆண்டு அவன் வரவில்லை. அதற்கு அடுத்த ஆண்டும் வரவில்லை.

குறைபாட்டின் இயல்பு

கண்ணும் செவியும் பழுதின்றி, அறிவும் குன்றாதிருந்தும், எழுத்தைப் படிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிடுவதிலோ மட்டும் இடர்ப்படும் நிலையே கற்றல் குறைபாடு எனப்படுகின்றது. வாசிப்பில் ஏற்படுவதை டிஸ்லெக்சியா என்றும், எழுதுவதில் ஏற்படுவதை டிஸ்கிராஃபியா என்றும், கணக்கில் ஏற்படுவதை டிஸ்கால்குலியா என்றும் வழங்குவர். ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 'டிஸ்லெக்சியா' என்னும் சொல்லை ஆக்கினார். 1896இல் ஆங்கில மருத்துவர் பிரிங்கிள் மார்கன் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் தேர்ந்த அச்சிறுவனுக்கு வாசிப்பு வரவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாக நடைபெறுமாயின் பள்ளியில் அவனே முதல்வன் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்தாக இருந்தது. 'கற்றல் குறைபாடு' என்னும் பொதுப்பெயரை 1963இல் பரவச் செய்தவர் அமெரிக்க அறிஞர் சாமுவேல் கிர்க். எனவே இது சோம்பலும் அன்று. வளர்ப்புக் குறையும் அன்று. நூறாண்டுக்கு மேலாக அறியப்பட்டதொரு நிலையே ஆகும்.

தமிழ் எழுத்தும் இடர்ப்பாடும்

தமிழில் எழுதுவதுபோலவே படிக்கிறோம். ஆதலின் இங்கு இவ்விடர் இல்லை என்பார் உளர். இக்கருத்து ஆய்வுக்குரியது. 'மேட்டுப்பாளையம்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். முதலெழுத்தில் செவி முதலில் கேட்பது மகர மெய். அதன் பின்னரே ஏகாரம். கண்ணோ ஏகாரக் குறியை முதலிற் கண்டு, பின்னரே மகரத்தைக் காண்கின்றது. 'ளை' என்பதிலும் இந்நிலையே. ஒலி ஒரு வரிசையிலும் வரிவடிவம் மற்றொரு வரிசையிலும் செல்கின்றன. 'கோ' முதலியவற்றில் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கின்றது. ஔகாரக் குறியின் ஒரு பகுதியோ ளகரத்தின் வடிவையே கொண்டுள்ளது. மேலும், 'கல்', 'தங்கம்', 'பகல்' ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலியோ மூன்று. ரகர றகரங்களும், லகர ளகர ழகரங்களும், நகர னகர ணகரங்களும் பேச்சில் மயங்குவனவாக உள்ளன.

எழுத்தின் சுமையைக் குறைக்கலாம் என்பதற்கும் நம் மொழியிலேயே சான்றுண்டு. 1978இல் தமிழ்நாட்டு அரசு ஆணையால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் தனி வடிவங்கள் நீக்கப்பட்டுப் பொது வடிவம் பெற்றன. அதனால் தமிழ் குறைந்துவிடவில்லை. எழுத்தே கற்பவர்க்காக மாறியதுண்டாயின், சேர்க்கை விதி மாறுதல் இயலாததன்று.

நன்னூலும் திருமறையும் காட்டும் நெறி

மாணாக்கர் இயல்பை விரிவாக ஆராய்ந்த தமிழ் நூல் நன்னூல். அதன் பொதுப்பாயிரத்தில் இரு குரல்கள் கேட்கின்றன. மாணாக்கராகத் தகாதோரை அடுக்குமிடத்துப் பிணியுடையானையும் மந்த அறிவினனையும் சேர்த்துரைக்கின்றார் பவணந்தியார். பாடஞ்சொல்லும் முறையை வகுக்குமிடத்தோ, கொள்பவன் எவ்வகையாற் கொள்வான் என அறிந்து, அவ்வகையாற் கொடுத்தல் ஆசிரியன் கடன் என்கின்றார். நம் சேர்க்கை மேசைகள் முதற்குரலையே இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் குரலே ஆசிரியத் தொழிலின் உயிர். கேட்டுக் கற்பவனை இல்லிக்குடம் எனத் தள்ளுதல், அவன் கொள்ளும் வகையை அறிய முயலாதார் செயலாகும். எழுத்தறியாதாரும் கேட்டேனும் அறிவு பெறவேண்டும் என்று கேள்விக்கெனத் தனியதிகாரம் வகுத்த திருக்குறளும் ஈண்டு நினைக்கத்தக்கது.

திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமாகிய 'அபஸ' இறங்கிய வரலாறு நம்மில் பலரும் அறிந்ததே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவு நாடி வந்தார். அவரைப் பின்னர்க் கவனிக்கலாம் என்று எண்ணத்தக்க நேரம் அது. ஆயினும், நாடி வந்தவரை விட்டு நாடாதாரிடம் கவனம் செலுத்தியதை இறைவன் சுட்டி உணர்த்தினான். அந்தத் தோழரே பிற்காலத்தில் மதீனாவில் பாங்கு சொல்பவராகவும், நபியவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் அந்நகரின் பொறுப்பாளராகவும் விளங்கினார். முஸ்லிம்கள் நடத்தும் கல்லூரி ஒன்றின் சேர்க்கை மேசைக்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

சட்டத்தின் நிலை

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது; கற்றல் குறைபாடு அவற்றுள் இல்லை. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறைபாடுகளை 21ஆக விரித்து இதனையும் சேர்த்தது. அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசு உதவி பெறுவனவும் 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடையோர்க்கு 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்குதல் வேண்டும் என்றும், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு அளித்தல் வேண்டும் என்றும் அதன் 32ஆம் பிரிவு கூறுகின்றது. நாங்கள் அம்மாணவனைத் திருப்பி அனுப்பியபோது இச்சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டு கடந்திருந்தது. நாங்கள் அறியவில்லை என்பது விடையாகாது.

சான்றிதழ் பெறுவதிலும் ஓர் இடர் உண்டு. 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள், 8 வயது நிறைந்தவர்க்கே சான்று என்றும், 14, 18 ஆகிய வயதுகளில் மீண்டும் ஆய்வு வேண்டும் என்றும், 18இல் பெறுவதே வாழ்நாள் முழுமைக்கும் செல்லும் என்றும் வகுத்தன. கல்லூரியில் சேரும் வயதும் இதுவே. பழைய சான்று முடியும் வேளையில் புதிய சான்றைக் கேட்டு வாயிலை அடைத்தால், காலத்தாழ்வின் தண்டனை மாணவன்மேல் விழுகின்றது.

இரு தீர்ப்புகள் ஈண்டு நோக்கத்தக்கன. 2021ஆம் ஆண்டு மருத்துவ நுழைவுத் தேர்வில் டிஸ்கிராஃபியா உடைய மாணவி ஒருவருக்கு உரிய ஒரு மணி நேரக் கூடுதல் காலம் மறுக்கப்பட்டது. 2021 நவம்பர் 23 அன்று நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, அவ்வநீதியைக் களையும் வழியை ஒரு வாரத்திற்குள் ஆராயுமாறு தேர்வு முகமைக்கு ஆணையிட்டது. மற்றொன்று பேச்சு மற்றும் மொழிக் குறைபாடுடைய மாணவர் ஒருவரைப் பற்றியது. கற்றல் குறைபாட்டிற்கு நேரானதன்று எனினும் நெறி ஒன்றே. குறைபாட்டின் விழுக்காட்டைக் காட்டி அவருக்கு மருத்துவப் படிப்பு மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் ஓர் இடத்தை நிரப்பாது வைக்கச் செய்து, அவரால் படிக்க இயலுமா என்பதை மருத்துவக் குழுவைக் கொண்டு ஆராயச் செய்தது. இயலும் எனக் குழு கூறவே 2024 செப்டம்பரில் சேர்க்கை உறுதியாயிற்று. விழுக்காடு மட்டுமே தகுதியைத் தீர்மானியாது என்னும் விரிவான தீர்ப்பு 2024 அக்டோபர் 15 அன்று வெளிவந்தது.

ஒத்திவைப்பு இருவகை

இத்தீர்ப்பிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. இடத்தை வைத்துக்கொண்டு முடிவை ஒத்திவைத்தல் ஒன்று. இடத்தைப் பிறர்க்குக் கொடுத்துவிட்டு மாணவனை ஒத்திவைத்தல் மற்றொன்று. முன்னது நீதி, பின்னது மறுப்பின் மறுபெயர். பிரிட்டனில் விண்ணப்பிக்கும்போதே ஓராண்டு கழித்துச் சேர்வதாகக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. பல்கலைக்கழகம் அதனை ஏற்குமாயின் இடம் காத்திருக்கும். நம் சேர்க்கை முறையோ ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்குகின்றது. ஆதலின், இங்கே 'அடுத்த ஆண்டு' என்னும் சொல்லுக்குப் பின்னால் இடம் ஏதும் இல்லை. ஏழைக் குடும்பத்து இளைஞன் ஓராண்டு வீட்டில் இருப்பதில்லை, வேலைக்குச் செல்கின்றான். சென்றவன் திரும்புதல் அரிது.

செய்யத்தக்கன

பள்ளித் தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதுபவரோ பெற்றமைக்கான ஆணை மாணவனிடம் இருப்பின், அதனையே சான்றாகக் கொண்டு தற்காலிகச் சேர்க்கை அளிக்கலாம்; மருத்துவச் சான்றை முதற் பருவம் முடிவதற்குள் பெறலாம். அதனைப் பெற்றுத்தரும் பொறுப்பைத் துறை ஆசிரியர் ஒருவர் ஏற்றல் நன்று. விண்ணப்பத்தைப் பிறர் நிரப்ப இசைவளிக்க வேண்டும். பாடங்களை ஒலிப்பதிவாகத் தருதல் தமிழ்த்துறைக்கு எளிது. செய்யுள் செவிக்கென்றே பிறந்தது. மாணவனே தன் நலங்கருதி ஓராண்டு வேண்டுவானாயின், இடம் காக்கப்படும் என எழுத்தில் அளித்தல் வேண்டும். சமுதாயப் பெரியோர், ஜமாஅத்தார் ஆகியோர் ஆய்வுக்கும் பயணத்திற்கும் ஆகும் செலவை ஏற்பின், தந்தையர் தயங்கி நிற்கமாட்டார்.

முடிவுரை

கற்றல் குறைபாடு மாணவனிடத்து உள்ளது. கற்பித்தல் குறைபாடு நம்மிடத்து உள்ளது. முன்னதைச் சான்றிதழ் அளக்கும். பின்னதை அளப்பதற்கு நம் மனச்சான்றைத் தவிர வேறில்லை. 2018இல் வந்த அம்மாணவனுக்கு இன்று இருபத்தைந்து வயதளவில் இருக்கும். அவன் எங்குள்ளான் என அறியேன். அவனைப் போன்ற ஒருவன் இவ்வாண்டும் ஏதேனும் ஒரு கல்லூரி மேசைமுன் நிற்பான். அவனிடம் 'அடுத்த ஆண்டு' என்று கூறுமுன், அவனுக்கென ஓர் இடத்தை எழுதி வைத்துள்ளோமா என நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.