கால் ஆறும்வரை காத்திருங்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் ஆசையாகக் குட்டி வாங்கி, மூன்று வயதில் சேணம் போட்டு, முன்னங்கால் வீங்கியதும் கையைப் பிசைந்து நிற்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கொல்லிமலையில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

1. வீக்கம் வடிந்துவிட்டது, நொண்டல் நின்றுவிட்டது என்பதால் கால் ஆறிவிட்டது என்று எண்ணாதீர்கள். முன்னங்காலின் பின்புறம் ஓடும் தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு. கிழிந்தால் ஆற 9 மாதமாவது ஆகும். பெரிய கிழிசல் என்றால் ஒரு வருடமும் தாண்டும். புதிதாக வளரும் நாருக்குப் பழைய நாரின் இழுவிசை வருவதில்லை. குதிரைக்கு வலி போனதும் ஓடத் தோன்றும், நமக்கும் ஏறத் தோன்றும். மறுபடி கிழிவது பெரும்பாலும் அப்போதுதான். கீழே நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவர் ஸ்கேன் பார்த்துச் சொல்லும்வரை சேணம் ஆணியிலேயே தொங்கட்டும்.

2. தினமும் காலையில் லாயத்திலேயே காலைத் தொட்டுப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நாரைப் பிடித்தபடி கணுவரை மெதுவாக இறங்கட்டும். எங்கே தடிப்பு, எங்கே பட்டாணி அளவு முண்டு, எந்த இடத்தில் அழுத்தினால் காலை வெடுக்கென்று இழுக்கிறது என்று கவனியுங்கள். அடுத்து நல்ல காலையும் அப்படியே தடவி ஒப்பிடுங்கள். கொல்லிமலைப் பனிக்காலையில் தோல் சில்லென்று இருக்கும். ஓரிடம் மட்டும் கதகதவென்றிருந்தால் உள்ளங்கைக்கு உடனே தெரியும். தெரிந்தால் அன்று வேலை கிடையாது. குளிர்ந்த தண்ணீரைக் கால் மணி நேரம் காலில் ஓடவிட்டு, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

3. முன்னங்கால் நொண்டலைத் தலையில் பாருங்கள். வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தாழும். கெட்டித் தரையில், தளர்ந்த கயிற்றில், ஒருவர் ஓட்டி வர இன்னொருவர் பார்க்க வேண்டும்.

4. முதலில் கையில் பிடித்து நடை மட்டும். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுவது பொதுவான கணக்கு. உங்கள் குதிரைக்கு மருத்துவர் சொல்வதே கணக்கு. நேரான, சமமான, கெட்டியான பாதை வேண்டும். மலைமேல் செம்மேட்டுப் பக்கம் மேடு பள்ளமில்லாத சாலைத் துண்டுகள் உண்டு. வண்டி நடமாட்டம் தொடங்கும் முன் விடியலில் போய்விடுங்கள். உழுத வயலிலும் நெல் வயல் சேற்றிலும் இறக்கவே கூடாது. குளம்பு புதைந்தால் நார் கூடுதலாக இழுபடும்.

5. நின்றுகொண்டே இருக்கும் குதிரைக்கு ஓடுகிற குதிரையின் தீனி வேண்டாம். கொள்ளைக் குறையுங்கள், புல்லைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் வயிற்றுவலி வரும். நடைக்கு அழைத்துப் போகும்போது துள்ளிக் குதிக்கவும் செய்யும். அந்த ஒரு துள்ளல் போதும், காலைக் கெடுக்க.

6. மாதக்கணக்கில் சும்மா இருந்த முதுகு வற்றிப்போயிருக்கும். பழைய சேணம் இப்போது தோள்மேட்டில் உட்காரும். விரலை விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால் ஏறாதீர்கள். எடையையும் பாருங்கள். 300 கிலோ குதிரைக்கு ஆளும் சேணமும் சேர்த்து 60 கிலோ என்பதே மேல்வரம்பு. காலாறி வரும் குட்டிக்கு அதைவிட இலகுவான ஆள் நல்லது.

7. மலைக்காரர்களுக்கு முக்கியமானது இறக்கம். சமதரையில் நிற்கும்போதே குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்கள் மேல்தான். இறங்கும்போது அது இன்னும் முன்னே சாய்கிறது. மருத்துவர் அனுமதித்தபின் மெதுநடையில் ஏற்றம் நல்லது, பின்தொடை தேறும். ஆனால் இறக்கம் வந்தால் குதித்து இறங்கி, கையில் பிடித்து நடங்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுப் பாதை இந்தக் குதிரைக்கானதே அல்ல.

8. ஓட்டம் வந்தால் நேர்கோட்டில், ஓரிரு நிமிடம். கயிற்றில் கட்டி வட்டமடிக்க வைப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

9. வலி மாத்திரை கொடுத்துவிட்டு ஏறாதீர்கள். மாத்திரை வலியை மறைக்கும், நாரைத் தைக்காது.

10. காயம் சிறிய கீறலானாலும் டெட்டனஸ் ஊசி கட்டாயம். இந்த நோய்க்குக் குதிரையைப் போலப் பலியாகும் வீட்டு விலங்கு வேறில்லை.

11. வருடம் வீணாகிறதே என்று பதறாதீர்கள். மூன்று வயதுக் குதிரை பெரிதாகத் தெரிந்தாலும் முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்து வயதுக்கு மேல் ஆகும். இந்த ஓய்வு அந்த எலும்புக்கும் சேர்த்துத்தான்.

12. ஆடியில், கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு விழா வரும். சங்கப் பாடலில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அந்தப் பெருமையில் ஊரார் உங்கள் குதிரையையும் அலங்கரித்துக் கூட்டி வரச் சொல்வார்கள். மேளம், வெடி, கூட்டத்துக்கு நடுவே குதிரை ஒருமுறை பின்னங்காலில் எழுந்து இறங்கினால், மாதக்கணக்கில் நடந்த நடை போய்விடும். பெரியவர்கள் கேட்டாலும் பணிவாக மறுத்து, அடுத்த ஆடிக்கு வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.